நூற்று மூன்று உபயமும் பாஞ்சாலியின் பெயரும்

திண்டிவனத்தில் ‘மல்லாட்டை பாஞ்சாலி வூடு எது?’ என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால் உங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இந்த ஆளுக்கு எவ்வளவு திட்டு விழப்போகிறதோ என்கிற அக்கறை அந்தப் பார்வையில் இருக்கும். மாவட்டத்தில் அவளிடம் திட்டு வாங்காத பத்திர எழுத்தர் யாராவது இருந்தால், அவர் தொழிலுக்குப் புதிது என்று வைத்துக்கொள்ளலாம்.

விழுப்புரம் தனி மாவட்டமான அதே 1993-இல்தான் அவள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவர் மாரியப்பன் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். சீர்வரிசையோடு அவள் கொண்டுவந்தது தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு மேல்நிலை தேறிய இரண்டு சான்றிதழ்கள். கல்யாணம் முடிந்த வாரம் “உனக்கு இன்னா வேணும், கேளு” என்று மாரியப்பன் ஆசையாகக் கேட்டார். புடவை கேட்பாள் என்று நினைத்திருப்பார். அவள் ஒரு பழைய தமிழ்த் தட்டச்சு மிஷின் கேட்டாள். மனிதர் வாயைத் திறந்துவிட்டதால் வாங்கிக் கொடுத்தார்.

ஜெராக்ஸ் கடை ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்தாள். மனு, கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்று எது வந்தாலும் அடித்தாள். ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று அடிக்கச் சொன்னவர்களின் மனுவில் ‘கேட்கிறேன்’ என்று மட்டும் அடித்துக் கொடுத்தாள். ஏன் என்று கேட்டால், “உன் நெலத்துக்குப் பட்டா கேக்கற. இதுல இன்னாத்துக்குப் பணிவு?” என்பாள். பட்டா வந்ததா என்றால் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. பணிந்தவர்களுக்கும் அதே கதைதானே.

கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் படித்தாள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, சீக்கிரமே அங்கேயே பாடம் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தாள். அவள் எழுதிய ஒரு நிரலைச் சென்டர் முதலாளி தன் மகன் பெயரைப் போட்டு ஓர் அரிசி மண்டிக்கு விற்றார். மறுநாள் சம்பள பாக்கியைக்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டாள். அந்தக் காயம் ஆறவே இல்லை என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க, சென்னைக் கம்பெனி ஒன்று ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு மென்பொருள் விற்றது. கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு ‘பூட்டு’ தருவார்கள். அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினால்தான் தமிழ் தெரியும். பிடுங்கினால் திரை முழுக்கக் கிறுக்கல். 2003-இல் ஒரு மழை நாளில் மின்சாரம் எகிறி, பாஞ்சாலி சொந்தமாக வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டரின் பூட்டு கருகியது. ஐந்து வருடமாக அவள் அடித்துச் சேர்த்திருந்த பத்திரங்கள் அத்தனையும் கிறுக்கலாய் நின்றன. கம்பெனிக்குப் போன் செய்தால், இன்னொரு ஒன்பதாயிரம் கட்டுங்கள் என்றார்கள்.

“நான் அடிச்ச எழுத்த நானே படிக்கறதுக்கு இவன்கிட்ட சாவி கேக்கணுமா?” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஒன்றே முக்கால் வருடம் உழைத்தாள். பகலில் பிழைப்பு, விடியலில் நிரல். அந்தக் கிறுக்கலைத் திரும்பத் தமிழாக்கவும், பழைய தட்டச்சு மிஷினின் விசைப்படியே அடிக்கவும், அடித்ததை அச்செடுக்கவும் ஒரு மென்பொருள் செய்தாள். பூட்டு கிடையாது. விலை கிடையாது. உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்கிற மூல நிரலையும் இணையத்தில் திறந்து வைத்தாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ‘மல்லாட்டை’ என்று, வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் வழங்கும் பெயரையே வைத்தாள். இந்த ஊர் மண்ணில் விளைவது அதுதான் என்பது அவள் நியாயம். திறந்ததும் முதலில் ஒரு சன்னல் வரும். அதில் இரண்டே வரிகள். மல்லாட்டை. உருவாக்கம்: மா. பாஞ்சாலி, திண்டிவனம்.

மல்லாட்டை பஸ் ஏறிப் பரவியது. செஞ்சி, வளவனூர், மரக்காணம் என்று எங்கே பத்திரம் அடித்தார்களோ அங்கெல்லாம் ஒரு சி.டி. போய்ச் சேர்ந்தது. செஞ்சிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண் சுஷ்மா, பெங்களூரில் வேலை பார்ப்பவள், தானாகப் பிழைகளைத் திருத்தி அனுப்ப ஆரம்பித்தாள். இருவரும் நேரில் பார்த்ததில்லை. மின்னஞ்சலில் சண்டை போட்டே சிநேகிதமானார்கள்.

2010-இல் புது விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அவற்றில் மல்லாட்டை திறக்கவே மறுத்தது. அடியிலிருந்து மாற்றி எழுத வேண்டும். அதற்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றும், தொழிலுக்குப் போகாமல் நான்கு மாதம் வீட்டில் உட்கார வழியும் வேண்டும். மொத்தம் அறுபதாயிரம். மாரியப்பன் காயில் கட்டிச் சம்பாதிப்பதில் அறுபதாயிரம் என்பது நடக்கிற காரியமா?

விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்த சவுரிராயன்தான் வழி சொன்னார். பத்திர எழுத்தர்களுக்கெல்லாம் அவர் பெரியவர் மாதிரி.

“இன்னாம்மா பெரிய கஷ்டம்? கோயில்ல டியூப் லைட்டு எப்டி எரியுது? உபயம்னு பேரைப் போட்டுத் தர்றான். மிஷின்ல எங்கியாவது பேரைப் போடு, துட்டு தானா வரும்.”

“கோயில் டியூப் லைட்டுல பேரு எழுதி எழுதி வெளிச்சமே வர்றது இல்லியே சார்.”

“வெளிச்சமா முக்கியம்? லைட்டு வந்துச்சா இல்லியா?”

பாஞ்சாலிக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். ஒரு மாதத்தில் நூற்று மூன்று பேர் பணம் கொடுத்தார்கள். சிலர் நூறு, இருநூறு, பாதிப் பேர் ஆயிரம். வளவனூரில் டீக்கடை வைத்திருக்கும் துரைக்கண்ணு, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர், தன் கடைக்கு வரும் எழுத்தர்கள் கேட்டுக்கொண்டதற்காக ஐந்நூறு கொடுத்தார். கணக்கு அறுபத்தோராயிரத்தில் வந்து நின்றது. ஊர்க்காரர்கள் தன் வேலைக்குக் காசு கொடுத்ததில் அவளுக்குப் பெருமை பொங்கியது. மாரியப்பனிடம் அந்தப் பட்டியலை மூன்று முறை படித்துக் காட்டினாள். “போதும்மா, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு” என்றார் அவர்.

நான்கு மாதத்தில் புது மல்லாட்டை தயாரானது. பெயரை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். தொடக்கச் சன்னலில் நூற்று மூன்று பெயர் நிற்காது. சவுரிராயனும் இன்னும் நாலு பேரும் வந்து பேசி ஒரு யோசனை சொன்னார்கள். அச்சடிக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு பெயர், ஒவ்வொரு தடவையும் பெயர் மாறிக்கொண்டே வரும், வேண்டாதவர்கள் அதை அணைத்துவிடலாம்.

‘இது வேண்டாம் அக்கா, வம்பு’ என்று சுஷ்மா எழுதினாள். ‘அணைக்கத் தெரியாதவங்களா இவங்க?’ என்று பாஞ்சாலி பதில் போட்டாள்.

அணைக்கத் தெரியும்தான். ஒருவரும் அணைக்கவில்லை. அடுத்த தாளில் நம் பெயர் வருமா என்று அவரவரும் காத்திருந்தார்கள். தன் பெயர் வந்த தாளைச் சிலர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார்கள். எந்தத் தாளில் எவன் பெயர் போகிறது என்று பார்க்க யாருக்கு நேரம்?

இந்த வட்டாரத்தில் ஒரு சார் பதிவாளர் அலுவலகம். எது என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே சக்கரபாணி என்ற விவசாயி வாங்கிய முக்கால் ஏக்கருக்குக் கிரயப் பத்திரம் பதிவானது. விற்றவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து, அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ‘உபயம்: துரைக்கண்ணு டீ ஸ்டால், வளவனூர்.’ கையெழுத்துப் போட்டவர்களும் பார்க்கவில்லை, வாங்கி அடுக்கியவர்களும் பார்க்கவில்லை. சக்கரபாணி கடன் கேட்டுப் போன வங்கியில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டார். யார் இந்தத் துரைக்கண்ணு, நிலத்தில் அவருக்கு என்ன பாத்தியதை, ஆட்சேபணை இல்லை என்று அவரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

சக்கரபாணி மைத்துனர்கள் இரண்டு பேரோடு வளவனூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் டீக்கடையில் இறங்கினார்.

“என் நெலத்துல உனக்கு இன்னாய்யா பங்கு?”

துரைக்கண்ணுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “எனக்கு இந்தக் கடையே வாடகைங்க” என்றார். அன்று பால் பொங்கி அடுப்பு அணைந்து, கடையை மூடியதுதான் மிச்சம்.

தோண்டிப் பார்த்தால், அந்த அலுவலகத்தில் மட்டும் பத்தொன்பது பத்திரங்கள். ஒன்றில் பேன்சி ஸ்டோர், ஒன்றில் சலூன், ஒன்றில் ‘நலம் விரும்பி’. பத்தொன்பதுக்கும் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு முன்னால், அந்த வரி எப்படி வந்தது என்று மென்பொருள் செய்த கம்பெனி எழுதித் தர வேண்டும் என்றது அலுவலகம்.

அந்த வாரமே சென்னைக் கம்பெனியின் ஆள் சந்தோஷ் திண்டிவனத்துக்கு வந்தார். பூட்டு விற்ற அதே கம்பெனி. வாய் நிறைய அக்கா போட்டார்.

“அக்கா, மனசுல பட்டதச் சொல்றேன். ஓசில குடுக்கிற பொருளுக்கு யாரு பொறுப்பு? யாருமே இல்ல. அதான் இப்படி ஆயிடுச்சு. நாங்க நாலு லட்சம் தர்றோம். பத்திரப் பிரச்சனைய எங்க வக்கீல் பாத்துக்குவாரு. பேரை மாத்திடுவோம், உங்க பேரு அதுல வராது. ஏற்கெனவே வெளியில போனது போகட்டும். இனிமே நீங்க அதுல கை வைக்கக் கூடாது, அவ்ளோதான்.”

அவள் கை வைக்காவிட்டால், அடுத்த விண்டோஸ் வரும்போது மல்லாட்டை செத்துவிடும். எழுத்தர்கள் மறுபடியும் பூட்டுக்குப் பணம் கட்டுவார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள்.

அன்று சாப்பிடும்போது மாரியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எனக்கு ஆசையாத்தான் இருக்குது பாஞ்சாலி. இல்லன்னு சொன்னா பொய்யாயிடும். நம்ம பொண்ணு துர்கா காலேஜிக்குப் போவணும், வூட்டு மேல ஷீட்டு மாத்தணும். ஆனா உன் பேரு இல்லாம அத விக்கறதுன்னா, அப்புறம் உன்ன இந்த வூட்ல வெச்சிக்கினு நான் பேஜார் படணும். நீயே பாத்துக்க.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. நாலு லட்சத்தை வேண்டாம் என்று சொல்கிற தைரியம் பத்தொன்பது குடும்பங்களின் நிலத்தைச் சிக்கலில் விட்டவளுக்கு இருக்கலாமா என்று தோன்றியது. தப்பு தன்னுடையது. சுஷ்மா சொல்லியும் கேட்காதது தன் திமிர்.

ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் சவுரிராயன் பயிலகத்தில் கூட்டம். பணம் கொடுத்தவர்களில் எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சந்தோஷும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலி ஒரு கைப்பையைத் தட்டச்சு மிஷின் மேல் வைத்தாள்.

“தாள்ல பேரு வந்தது என் தப்பு. சுஷ்மா வேணாம்னு சொல்லிச்சு, நான் கேக்கல. இன்னிக்கிக் காலைல அந்த வரிய எடுத்துட்டேன். இனிமே யாரு துட்டு குடுத்தாலும் எங்கியும் பேரு வராது. பேருக்காகக் குடுத்தவங்க இப்பவே வந்து துட்ட வாங்கிக்குங்க. கோவிச்சுக்க மாட்டேன்.”

அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கம்ப்யூட்டராகவும் அரிசியாகவும் மாறிவிட்டிருந்தது. பையில் இருந்தது மாரியப்பன் கடைக்காகக் கட்டிவந்த சீட்டை ஏலத்தில் நட்டத்துக்கு எடுத்துக் கொடுத்த பணம். அதை அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கூட்டம் சலசலத்தது. முதலில் பேன்சி ஸ்டோர்க்காரர் எழுந்து வந்து ஆயிரத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வெட்கம் விட்டுப்போயிற்று. பதினாலு பேர் வாங்கினார்கள். துரைக்கண்ணு எழுந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குத்தானே அதிகக் கஷ்டம்.

“எனக்குத் துட்டு வேணாம் தங்கச்சி. பேரு போனதே பெரிய புண்ணியம். இன்னொரு நாள் கடைய மூட என்னால ஆவாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் யாரும் எழுந்திருக்கவில்லை.

சவுரிராயன் தொண்டையைச் செருமினார்.

“நல்லதும்மா. எங்க பேர எடுத்த. அப்டியே உன் பேரையும் எடுத்துடு. நாளைக்கிக் கேசு, கோர்ட்டுன்னு வந்தா யாரு செஞ்சதுன்னே தெரியாம இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நிறையப் பேர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் சந்தோஷும் ஆட்டினார். பாஞ்சாலிக்கு முகம் சிவந்துவிட்டது.

“முடியாது சார்.”

“ஏம்மா, எங்களுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஆமா, வேற நியாயம்தான். நீங்க குடுத்தது துட்டு. குடுத்ததோட உங்க வேலை முடிஞ்சுது. என் வேலை முடியல. இது தப்பாப் போனா எவள்னா ஒருத்தியத் திட்டணும் இல்ல? அதுக்கு ஒரு பேரு வேணும். அது என் பேரு. இது வரைக்கும் பேரும் ஊரும்தான் இருந்துச்சு, இனிமே போன் நம்பரும் இருக்கும்.” பின்வரிசையைப் பார்த்தாள். “தம்பி, ஓசிப் பொருளுக்குப் பொறுப்பு யாருமே இல்லன்னு சொன்னீங்களே. பூட்டுக்கு ஒம்பதாயிரம் வாங்கினீங்க. அது கருகிப்போனப்ப உங்க கம்பெனில எவன் பொறுப்பு ஏத்துக்கினான்? பேரு சொல்லுங்க, கேப்போம்.”

சந்தோஷ் எழுந்து வாசல் பக்கம் நடந்தார். நாலு லட்சம் அவர் பையிலேயே திரும்பிப் போனது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் அந்தச் சார் பதிவாளர் அலுவலகத்தில் நின்றாள். கூடச் சக்கரபாணி, அவருடைய மைத்துனர்கள், பத்திரங்களோடு இன்னும் சிலர். சக்கரபாணிக்குக் கோபம் தீரவில்லை. அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. பதிவாளர் சலிப்போடு நிமிர்ந்தார்.

“கம்பெனி லெட்டர் எங்க?”

நீட்டினாள். வெள்ளைத் தாளில் அவளே அடித்தது. அந்த வரி மென்பொருளின் பிழையால் வந்தது, அதில் உள்ள பெயருக்கும் சொத்துக்கும் சம்பந்தமில்லை, பிழை முழுவதும் என்னுடையது, பிழைத்திருத்தல் செலவும் என்னுடையது. கீழே பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், கையெழுத்து. பணிவுடன் என்ற சொல் எங்கும் இல்லை.

“கம்பெனி பேரே காணோமே?”

“கம்பெனி இல்லிங்க. நான்தான்.”

“ஆள் வெச்சு செஞ்சீங்களா?”

“பெங்களூர்ல ஒரு பொண்ணு ஒத்தாசை பண்ணுது. தப்பு செஞ்சது நான் மட்டும்தாங்க.”

பதிவாளர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “இப்டி வெறும் தாள எப்டிம்மா எடுத்துக்கறது? யாரு வேணா அடிச்சுக் கொண்டாரலாம். ஒரு சீலாவது வேணாமா?”

அவர் மேசையோரத்தில், பத்திரம் பதிய வருகிறவர்களுக்காக மைப்பெட்டி திறந்தே இருந்தது. பாஞ்சாலி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இடது கட்டைவிரலை மையில் உருட்டி, கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்து எடுத்தாள்.

“இத யாரும் அடிச்சுக் கொண்டார முடியாதுங்களே.”

பதிவாளர் அந்த ரேகையை ஒரு கணம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்து நூலைக் கட்டினார்.

“ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு லெட்டர் வேணும்மா. இது சக்கரபாணிக்கு. மிச்சம் பதினெட்டு?”

“அடிச்சு எடுத்துக்கினுதான் வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு, பாஞ்சாலி மறுபடியும் விரலை மையில் வைத்தாள். சக்கரபாணி மைப்பெட்டியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.